உப்பு, இரும்பு, கன்பூசியஸ்

பழைய சீனா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பெருஞ்சுவரும், மண்ணுக்குள் வரிசையாக நிற்கும் களிமண் வீரர்களும், கன்பூசியஸ் பெயரில் சுற்றுகிற பொன்மொழிகளும்தான். (அந்தப் பொன்மொழிகளில் பலவற்றை அவர் சொன்னதே இல்லை என்பது வேறு விஷயம்.) வணிகவியல் படிக்கிற எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது ஒரு கூட்டம். கி.மு. 81-ல், ஹான் பேரரசின் தலைநகரான சாங்ஆனில் நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் 60-க்கும் மேற்பட்ட அறிஞர்களை அரசே வரவழைத்து, "மக்களுக்கு என்ன கஷ்டம்? சொல்லுங்கள்" என்று கேட்டது. வந்தவர்கள் கன்பூசியஸைப் படித்தவர்கள். வானம், அறம், மூதாதையர் வழிபாடு என்று பேசுவார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் எடுத்த எடுப்பில் கேட்டது, உப்பு வியாபாரத்தையும் இரும்பு வியாபாரத்தையும் அரசு கைவிட வேண்டும் என்று.

அரசு எதற்காக இருக்கிறது, அது எதை வைத்து நடக்க வேண்டும் என்ற கேள்வி உப்பு விலையில் போய் நின்ற கதை இது. கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

கன்பூசியஸ் இறந்தது கி.மு. 479-ல். அவர் சொன்னதை மிகவும் சுருக்கினால், ஆள்பவன் ஒழுங்காக இருந்தால் மக்களும் ஒழுங்காக இருப்பார்கள். தண்டனையால் அடக்கினால் ஜனங்கள் தப்பிக்க வழி தேடுவார்களே தவிர வெட்கப்பட மாட்டார்கள். அடுத்த 250 ஆண்டுகள் சீனா பல அரசுகளாக உடைந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து மன்னர்களுக்கு இந்த உபதேசம் எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது படையும் தானியமும். அதைத் தருகிறோம் என்று வந்தவர்களைத்தான் சட்டவாதிகள் என்கிறோம்.

அவர்களில் முக்கியமானவர் ஷாங் யாங். மேற்கே இருந்த சின் நாட்டில் கி.மு. 356-லிருந்து இவர் செய்த மாற்றங்கள் சாதாரணமானவை அல்ல. குடும்பங்களை ஐந்து, பத்து என்று கட்டி, ஒருவர் தப்புக்கு மற்றவர் பொறுப்பு என்றார். பிறப்பால் வந்த பெருமை செல்லாது, போரில் வெட்டிய எதிரித் தலைக்கு ஏற்பப் பதவி என்றார். உழவும் போரும்தான் தொழில், வணிகர்கள் உழைக்காமல் தின்பவர்கள் என்றார். (நம் வகுப்பில் பாதிப் பேர் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும் :-) ) கி.மு. 338-ல் தனக்கு ஆதரவாக இருந்த மன்னர் இறந்ததும் ஷாங் யாங் தப்பி ஓடினார். இரவு தங்க ஒரு விடுதிக்குப் போக, விடுதிக்காரர் அடையாளச் சான்று இல்லாதவரைத் தங்கவைத்தால் ஷாங் யாங் சட்டப்படி தனக்குத் தண்டனை என்று சொல்லி மறுத்துவிட்டாராம். வரலாற்றாசிரியர் சீமா சியென் இதை எழுதியிருக்கிறார். கதை கொஞ்சம் அளவுக்கு மீறிப் பொருத்தமாக இருப்பதால் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் அவர் அமைத்த இயந்திரம் நிற்கவில்லை. கி.மு. 221-ல் சின் மற்ற எல்லா நாடுகளையும் விழுங்கி முதல் பேரரசு ஆனது. நாடு 36 மாவட்டங்களாகப் பிரிந்தது. எடைக்கல், அளவைகள், எழுத்து, வண்டி அச்சின் அகலம் எல்லாம் ஒன்றாக்கப்பட்டன. கி.மு. 213-ல் அமைச்சர் லீ சு யோசனைப்படி, தனியாரிடம் இருந்த பழைய நூல்கள் பலவற்றை எரிக்க ஆணை போனது. கி.மு. 210-ல் முதல் பேரரசர் இறந்தார். அடுத்த ஆண்டே கலகம். கி.மு. 206-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தம் 15 ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு வேகமாக விழுந்தது? அடுத்து வந்த ஹான் வம்சத்து அறிஞர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே. அறம் இல்லாமல் சட்டத்தை மட்டும் நம்பிய கொடுங்கோன்மை. இரண்டாயிரம் ஆண்டுகளாக இதுதான் பாடம். 1975-ல் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை அப்படியே ஒப்பிக்க முடியவில்லை.

ஹூபெய் மாகாணத்தில் ஷுயிஹுடி என்ற இடத்தில் கிடைத்த கல்லறை அது. கி.மு. 217 வாக்கில் புதைக்கப்பட்ட, சி என்ற பெயருள்ள சின் அரசின் ஒரு சாதாரண உள்ளூர் அலுவலருடையது. உடம்பைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டிகள், அவற்றில் பெரும்பகுதி சட்டங்களும் அலுவலகக் குறிப்புகளும். உயிரோடு இருந்தபோது பார்த்த கோப்புகளைச் செத்த பிறகும் விடாத மனிதர்!

அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், தலை வெட்டு, கை வெட்டு இருக்கிறதுதான். ஆனால் அதைவிட அதிகமாக இருப்பது நிர்வாகம். அரசாங்கத் தானியக் கிடங்கில் எலி வளை எத்தனை இருந்தால் குற்றம் என்று ஒரு கேள்வி. மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் பொறுப்பாளருக்கு ஒரு கேடயத்தின் மதிப்பு அபராதம். இரண்டு வரை கண்டிப்போடு சரி. சுண்டெலி வளை என்றால்? மூன்று சுண்டெலி வளை ஒரு எலி வளைக்குச் சமம். அரசாங்க உழவு மாட்டின் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் பொறுப்பானவருக்குப் பத்து அடி. எங்கள் தணிக்கைப் பாடத்தில்கூட இவ்வளவு நுணுக்கம் கிடையாது. படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தால், கிடங்கில் எலி தின்றுவிட்டது என்று எழுதிவிட்டு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகிற அலுவலரை இந்தச் சட்டம் எழுதியவர் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று பட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. சின் பேரரசுக்கு எதிராக முதலில் எழுந்தவர் சென் ஷெங் என்ற உழவர். எல்லைக் காவலுக்கு ஆட்களோடு போகும் வழியில் மழை, வெள்ளம். குறித்த நாளில் போய்ச் சேர முடியாது, தாமதத்துக்குத் தண்டனை மரணம், எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று கலகம் செய்தார் என்கிறார் சீமா சியென். ஆனால் ஷுயிஹுடி பட்டிகளில் உள்ள ஊழியப் பணிச் சட்டத்தில் தாமதத்துக்கு மரணம் இல்லை. மூன்று முதல் ஐந்து நாள் என்றால் கண்டிப்பு, ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடய அபராதம், அதற்கும் மேல் போனால் ஒரு கவச அபராதம். மழையால் வேலை நடக்க முடியாவிட்டால் அதுவும் இல்லை. எல்லைக் காவல் ராணுவச் சட்டத்தில் வரும், இது சாதாரண ஊழியத்துக்கானது என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அதையும் ஒதுக்கிவிட முடியாது. என்றாலும் தோற்றவனின் சட்டத்தை ஜெயித்தவன் சொல்லித்தானே இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம்?

ஜெயித்தவர் லியு பாங், ஹான் வம்சத்தின் முதல் பேரரசர். பெரிய படிப்பில்லை. அறிஞர்கள் என்றால் அவருக்கு இளக்காரம். ஒருமுறை ஒரு அறிஞரின் தொப்பியைப் பிடுங்கி அதில் சிறுநீர் கழித்தார் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் படை சின் தலைநகருக்குள் நுழைந்தபோது எல்லோரும் தங்கத்தையும் பட்டையும் தேடி ஓட, சியாவ் ஹே என்ற அவருடைய ஆள் மட்டும் அமைச்சர் அலுவலகத்துக்குப் போய்ச் சட்டங்கள், வரைபடங்கள், மக்கள்தொகைப் பதிவேடுகளை அள்ளிக்கொண்டார். அந்த நான்கு நூற்றாண்டு வம்சத்தின் அஸ்திவாரம் அந்த மூட்டைதான் என்பது என் கட்சி. கொடுமையான சின் சட்டங்களை ஒழித்துவிட்டோம், இனி மூன்றே விதிகள்தான் என்று லியு பாங் மக்களிடம் அறிவித்தார். பிறகு சியாவ் ஹே சின் சட்டத்தை அடிப்படையாக வைத்தே ஹான் சட்டத்தைத் தொகுத்தார். 1983-84-ல் ஜாங்ஜியாஷான் என்ற இடத்தில் இன்னொரு கல்லறையிலிருந்து கி.மு. 186-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹான் சட்டப் பட்டிகள் கிடைத்தன. சின் சட்டத்தோடு அவற்றுக்கு உள்ள நெருக்கம் பார்த்தவுடனே தெரிகிறது. மூக்கறுப்பும் கால் வெட்டும்கூட அப்படியே தொடர்ந்தன. கி.மு. 167-ல் வென் பேரரசர்தான் அவற்றை நீக்கினார்.

வென், அவருக்குப் பின் ஜிங். இந்த இருவர் காலத்தில் லாவோ ட்சுவின் வழி செல்வாக்கோடு இருந்தது. அரசு தலையிடாமல் இருப்பதே நல்ல அரசு. நிலவரி விளைச்சலில் 30-ல் ஒரு பங்கு. கஜானாவில் காசு கோத்த கயிறுகள் மக்கி, காசை எண்ண முடியாத அளவுக்குப் பணம் சேர்ந்தது என்கிறார் சீமா சியென்.

அதைச் செலவழிக்க வந்தவர் வூ பேரரசர், கி.மு. 141 முதல் 87 வரை. கன்பூசியத்தை அரசின் கொள்கையாக்கியவர் என்று பாடப்புத்தகங்கள் இவரைச் சொல்லும். தப்பில்லை. ஐந்து பழம்பெரும் நூல்களுக்கு அரசு ஆசிரியர்களை நியமித்தார், கி.மு. 124-ல் 50 மாணவர்களோடு அரசு கல்விக்கூடம் தொடங்கினார். ஆனால் அவருடைய வரவு செலவைப் பார்த்தால் அங்கே கன்பூசியஸ் இல்லை. வடக்கே சியோங்னு குதிரை வீரர்களோடு ஓயாத போர். கி.மு. 119-ல் ஒரே படையெடுப்பில் 1,40,000 குதிரைகள் போய், 30,000-க்கும் குறைவாகத் திரும்பின. காசு வேண்டும். உழவனிடம் ஏற்கெனவே வாங்குகிறோம். வேறு யாரிடம் இருக்கிறது? வணிகர்களிடம்.

முதலில் சொத்து வரி. வணிகர்கள் தங்கள் கையிருப்பைத் தாங்களே மதிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 2,000 காசுக்கு 120 காசு வரி, அதாவது 6 சதவீதம், அதுவும் லாபத்தில் இல்லை, மொத்த இருப்பில். மறைத்தால் சொத்து பறிமுதல், ஓராண்டு எல்லைக் காவல். காட்டிக்கொடுப்பவருக்குப் பறிமுதலில் பாதி. பாதி கிடைக்கும் என்றால் என்ன ஆகும்? நாடு முழுவதும் காட்டிக்கொடுத்தார்கள், நடுத்தர வணிகர்களும் அதற்கு மேலே இருந்தவர்களும் பெரும்பாலும் நொடித்துப்போனார்கள். எவ்வளவு சேர்த்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்த பிறகு ஜனங்கள் சேர்ப்பதையே விட்டுவிட்டு நன்றாகச் சாப்பிட்டு உடுத்திக் காலம் கழித்தார்களாம். சீமா சியென் எழுதிய இந்த இடம் எனக்கு எந்தப் பொருளியல் புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தது. மனிதர் பட்டவர். பேரரசரின் கோபத்துக்கு ஆளாகித் தண்டனை வந்தபோது, பணம் கட்டி மீள வழியிருந்தும் கட்ட வசதியில்லாமல் ஆண்மை நீக்கத்தை ஏற்றவர் அவர்.

அடுத்து உப்பும் இரும்பும். கி.மு. 117 வாக்கில் இரண்டும் அரசின் ஏகபோகம் ஆயின. இதை நடத்த யாரைப் போட்டார்கள் தெரியுமா? ஒருவர் பெரிய உப்பு வியாபாரி, இன்னொருவர் பெரிய இரும்பு வியாபாரி! தனியார் இரும்பு உருக்கினாலோ உப்புக் காய்ச்சினாலோ இடது காலில் இரும்பு விலங்கு. இவர்களோடு கணக்குப் பார்க்க இருந்த இளைஞர்தான் நம் கதையின் நாயகன், ஸாங் ஹொங்யாங். லுவோயாங் நகரத்து வணிகரின் மகன். மனக்கணக்கில் கெட்டிக்காரர் என்பதற்காக 13 வயதிலேயே அரண்மனைப் பணிக்கு எடுக்கப்பட்டவர்.

கி.மு. 110-ல் முழுப் பொறுப்பும் இவர் கைக்கு வந்தது. மாவட்டங்கள் தலைநகருக்குப் பொருளாகவே கப்பம் அனுப்பிக்கொண்டிருந்தன. சில பொருள்களுக்கு அதன் விலையைவிட வண்டிக்கூலி அதிகம். ஹொங்யாங் அதை மாற்றினார். அங்கே மலிவாகக் கிடைப்பதை அரசே எடுத்து, எங்கே விலை அதிகமோ அங்கே கொண்டுபோய் விற்கட்டும் என்றார். தலைநகரில் ஒரு அலுவலகம், விலை இறங்கினால் வாங்கும், ஏறினால் விற்கும். இன்று பஃபர் ஸ்டாக் என்று நாம் படிப்பதேதான். உழவர்களின் வரியை உயர்த்தாமலே அரசுக்குப் பணம் குவிந்தது. சரி, இதில் யாருக்குக் கோபம்? அதே ஆண்டு சிறு வறட்சி வந்தது, மழை வேண்டிப் பேரரசர் ஏற்பாடு செய்தார். ஆடு மேய்த்துப் பணக்காரராகி அமைச்சராகவும் இருந்த பூ ஷி என்பவர், அரசு வரியில்தான் வாழ வேண்டும், ஹொங்யாங் அதிகாரிகளைக் கடையில் உட்காரவைத்துவிட்டார், அவரைக் கொதிக்கவைத்தால் மழை வரும் என்றாராம். சீமா சியென் தன் பொருளாதார அத்தியாயத்தில் நிகழ்ச்சிகளை இங்கேதான் நிறுத்துகிறார். அவர் யார் பக்கம் என்று தனியாகச் சொல்லவில்லை.

இப்போது கி.மு. 81 கூட்டத்துக்கு வருவோம். வூ பேரரசர் இறந்து ஆறு ஆண்டு. அரியணையில் சிறுவனாக அமர்ந்த சாவோ பேரரசர். ஹொங்யாங் அறுபதைக் கடந்துவிட்டார், கண்காணிப்புத் துறைத் தலைமை அமைச்சர். எதிரே 60-க்கும் மேற்பட்ட அறிஞர்கள், பெரும்பாலும் வசதியில்லாதவர்கள். இந்த வாதத்தைச் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு ஹுவான் குவான் என்பவர் 60 அத்தியாயங்களில் நூலாக்கினார். நாம் அறிவது அதன் வழியாகத்தான், ஆகவே அப்படியே பேசினார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அறிஞர்கள் தத்துவத்தோடுதான் தொடங்குகிறார்கள். அரசே லாபத்துக்கு அலைந்தால் மக்களுக்கு என்ன சொல்ல முடியும்? மேலே இருப்பவன் பேராசைப்பட்டால் கீழே இருப்பவன் திருடுவான். ஹொங்யாங் ஒரே கேள்வியில் இதை மடக்கப் பார்க்கிறார். எல்லையில் வீரர்கள் குளிரிலும் பசியிலும் நிற்கிறார்கள். இந்த வருமானத்தை நிறுத்தினால் அவர்களுக்கு யார் சோறு போடுவது? அதற்கு அறிஞர்கள் சொன்ன பதில், அறத்தோடு நடந்தால் எதிரி தானாக வழிக்கு வருவான் என்பது. இந்த இடத்தில் நான் முழுக்க ஹொங்யாங் பக்கம். ஆண்டுதோறும் கொள்ளையடிக்க வரும் குதிரைப் படையை நற்பண்பால் நிறுத்தலாம் என்று தலைநகரில் உட்கார்ந்து சொல்வது எளிது. அவர் இதோடு நிற்கவில்லை. ஏகபோகத்தை விட்டால் அது மக்களுக்குப் போகாது, மலையையும் கடலையும் வளைத்துப்போட்ட நாலு பெரும் குடும்பங்களுக்குத்தான் போகும், அவர்கள் ஆள்பலம் சேர்த்து அரசையே எதிர்ப்பார்கள் என்கிறார். இதுவும் கற்பனை இல்லை. கி.மு. 154-ல் கலகம் செய்த வூ நாட்டுச் சிற்றரசனுக்குப் பலமே உப்பும் செம்பும்தான். பிறகு ஹொங்யாங் வாய் நீள்கிறது. கிழிந்த உடையும் வீட்டில் சோறும் இல்லாத நீங்களா நாட்டின் நிதியைப் பற்றிப் பேசுவது என்று கேலி செய்கிறார். வணிகர் மகனின் திமிர் என்று தோன்றியது.

ஆனால் அறிஞர்கள் தத்துவத்தை விட்டு ஊர்க்கதைக்கு வரும்போது தராசு சாய்கிறது. அரசு இரும்புப் பட்டறைகளில் வேலை செய்வது தண்டனைக் கைதிகளும் கட்டாய ஊழியர்களும். செய்கிற கருவிகள் பெரிதாகவும் கனமாகவும் இருக்கின்றன, ஏனென்றால் அதிகாரிக்கு எண்ணிக்கைக் கணக்கு முடிந்தால் போதும். உழவனுக்கு வேண்டிய அரிவாள் இல்லை. புல்லைக்கூட அறுக்காத மொண்ணைக் கருவிதான். முன்பு தனியார் விற்றபோது வேலை நேரத்தில் வயலுக்கே கொண்டுவந்து தருவார்கள், பழையதை எடுத்துக்கொண்டு புதியது தருவார்கள், காசுக்குப் பதில் தானியமும் வாங்குவார்கள். இப்போது தொலைவு நடந்து போனால் அலுவலர் இல்லை, இருந்தால் நல்ல கருவி இல்லை, நல்லது வேண்டுமென்றால் விலை வேறு. ஏழைகள் மரக்கலப்பையால் உழுது கையால் களை பறிக்கிறார்கள், உப்பில்லாமல் சாப்பிடுகிறார்கள். கப்பத்துக்குப் பதில் வந்த புதிய முறையிலும் அதிகாரிகள் ஊரில் விளையாததைக் கேட்கிறார்கள், உழவன் தன்னிடம் இருப்பதை மலிவாக விற்று இல்லாததை வாங்கிக் கொடுக்கிறான்.

இதற்கு ஹொங்யாங்கிடம் நேரான பதில் இல்லை. அரசு செய்தால் தரம் ஒன்றாக இருக்கும், விலை நியாயமாக இருக்கும் என்று கொள்கையைத்தான் திருப்பிச் சொல்கிறார். எலி வளை எண்ணிய சின் அலுவலரைப் பற்றி எழுதினேன் அல்லவா? அந்த அரசுக்குத் தன் ஆட்கள் திருடுவார்கள் என்று தெரிந்திருந்தது. ஹொங்யாங்கின் திட்டத்தில் வணிகனைக் கண்காணிக்க எல்லாம் இருந்தது. கடையில் உட்கார்ந்த அதிகாரியை யார் கண்காணிப்பது என்பதற்கு இடமில்லை. ஏகபோகம் என்றால் வாங்குபவனுக்குப் போக வேறு கடை கிடையாது, அந்தக் கடை மூடியிருந்தாலும்.

முடிவு என்ன? மதுவின் மீதிருந்த ஏகபோகம் நீக்கப்பட்டது, தலைநகர்ப் பகுதியில் இரும்பு அலுவலகங்கள் மூடப்பட்டன. மற்றதெல்லாம் அப்படியே. 60 பேர் இவ்வளவு பேசியதற்குக் கிடைத்தது கள்ளும் கொஞ்சம் இரும்பும்! ஆனால் கூட்டத்தைக் கூட்ட வைத்தவர் வேறு கணக்கில் இருந்தார் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையான அதிகாரம் வைத்திருந்த தளபதி ஹுவோ குவாங்குக்கு ஹொங்யாங் போட்டியாளர். ஊர் ஊராக ஆள் வரவழைத்து அவர் கொள்கையைத் திட்டவிட்டது அந்தப் போட்டியின் ஒரு காய் நகர்த்தல். அடுத்த ஆண்டு, கி.மு. 80-ல், ஒரு சதி வழக்கில் ஹொங்யாங் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். வேடிக்கை என்னவென்றால் ஹுவோ குவாங் அவரைத்தான் ஒழித்தார், உப்பு இரும்பு வருமானத்தை விடவில்லை.

வாதத்தை நூலாக்கிய ஹுவான் குவானும் கன்பூசியர்தான். ஆனாலும் ஹொங்யாங்கின் வாதங்களை அவர் பலவீனமாக்கவில்லை. இரண்டு பக்கமும் நன்றாகவே பேசுகிறது. எதிரியின் வாயில் முட்டாள்தனத்தை வைத்துவிட்டு ஜெயிப்பதுதான் சுலபம், அதை அவர் செய்யாததால்தான் இன்றும் இதைப் படிக்க முடிகிறது.

பின்னர் வந்த சுவான் பேரரசர், தன் மகன் மென்மையான மனதோடு, கன்பூசியர்களை மட்டும் பதவியில் வைக்கலாமே என்று சொன்னபோது முகம் மாறினாராம். நம் வம்சம் எப்போதுமே அற வழியையும் அதிகார வழியையும் கலந்துதான் நடத்தியிருக்கிறது, இவனால்தான் இது கெடப்போகிறது என்றாராம். மகன் யுவான் கி.மு. 48-ல் பேரரசரானார். கி.மு. 44-ல் அறிஞர்கள் 37 ஆண்டுகளுக்கு முன்பு கேட்டதை முழுதாகச் செய்தார், உப்பு இரும்பு அலுவலகங்களை மூடினார். அரசு கல்விக்கூடத்தில் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பையும் எடுத்தார். ஒரு பழம்பெரும் நூலைக் கற்றுத் தேறினால் கட்டாய ஊழியத்திலிருந்து விலக்கு என்பதால் கூட்டம் சேர்ந்தது.

மூன்றே ஆண்டு. கி.மு. 41-ல் செலவுக்குப் பணம் இல்லை, ஊழியத்துக்கு ஆள் இல்லை என்று காரணம் சொல்லி, உப்பு இரும்பு அலுவலகங்கள் திரும்ப வந்தன. கூடவே கல்விக்கூடத்துக்கும் 1,000 பேர் என்று வரம்பு போட்டார்கள்.